பாலத்தடிக் கற்கள்

டூங்கபி,
10.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி கௌசிகா எழுதிக்கொள்வது. நீங்களும் மச்சாளும் நல்ல சுகத்தோடு இருக்க சிட்னி மேய்ஸ் ஹில் முருகனை வேண்டுகிறேன். இங்கே இவருக்கும் மகள் வினுஷாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நேற்று இரவு முழுக்க நான் நித்திரை கொள்ளவில்லை. எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போனில் தொடங்கினால் நான் கத்துவேன். நீங்கள் வழக்கம்போல "சரி பிள்ளை, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் ஒரு வருட ஆட்டைத் திவசத்துக்கு நினைவு மலர் அடிப்பது என்று முடிவெடுத்தோம் அல்லவா. அந்த வேலையை இங்கே சச்சிதானந்தன் அங்கிளிடம் கொடுத்தேன். டூங்கபிப் பக்கத்துக் கல்யாணக் காட், கோயில் நோட்டீஸ், செத்தவீட்டு மலர் எல்லாம் அவர்தான் தன் வீட்டுக் கராஜில் வைத்து அடிக்கிறவர். முகப்புக்கு அந்த ஆற்றுப் படத்தைப் போடச் சொன்னேன். முப்பத்தோராம் நாள் நீங்கள் பிலடெல்பியாவில் பாலத்துக்குக் கீழே இறங்கி அம்மாவின் சாம்பலைக் கரைத்தபோது மச்சாள் எடுத்தது. வேட்டிக்கு மேலே குளிர்ச் சட்டை போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், செம்பைக் கவிழ்த்தபடி நிற்கிறீர்கள். கரையில் ஒரு தட்டைக் கல்லின் மேல் வாழையிலை, தேங்காய், கர்ப்பூரம்.

அந்தப் படத்தை ஒன்பது மாதமாக என் போனில் முகப்பாக வைத்திருக்கிறேன். அம்மாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்த்ததும் போனில்தான், கொள்ளி வைத்ததைப் பார்த்ததும் போனில்தான். எனக்குக் கிடைத்த செத்தவீடு அந்தப் படம். ஒரு நாளும் அதில் அந்தக் கல்லை நான் பார்க்கவில்லை. அம்மாவையும் உங்களையும்தான் பார்த்தேன்.

நேற்று அங்கிள் கூப்பிட்டார். போனேன். அவரிடம் ஒரு பெரிய கம்பியூட்டர்த் திரை இருக்கிறது. அதில் படத்தைப் பெருப்பித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "பிள்ளை, இந்தக் கல்லில எழுத்து வெட்டியிருக்குது, பார்த்தனியோ?" என்றார். வாழையிலையின் ஓரத்துக்குக் கீழே ஆங்கில எழுத்துகள், தலைகீழாக. அவர் படத்தைத் திருப்பினார். ஒருவரின் மனைவி என்று இருந்தது. ஒரு வருடம், ஆயிரத்து எண்ணூற்று அறுபதோ எழுபதோ. பக்கத்துக் கல்லில் மேல்நோக்கி விரல் காட்டும் ஒரு கை. அதற்குப் பக்கத்தில் படுத்திருக்கும் ஆட்டுக்குட்டி, தலை உடைந்தது. ஏதாவது பழைய சேர்ச்சின் கல்லாயிருக்கும் அங்கிள் என்று மடைச்சி மாதிரிச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இது சுடலைக் கல்லு பிள்ளை. ஒண்டு இல்லை, கரை முழுக்க அதுதான்" என்றார்.

அண்ணா, அங்கேயே கடதாசிக் கட்டின் மேல் இருந்துவிட்டேன். அன்ரி தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தா. அது ஆறி ஆடை படியும்வரை கையில் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து வினுஷாவை இருத்தி, தேடி வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். உங்கள் நகரத்தின் வடக்கே நூறு வருடத்துக்கு மேல் இருந்த சுடலையாம். ஐம்பதுகளில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கார் விட இடம் தேவைப்பட்டதாம். இருபத்தெட்டாயிரம் பேரைத் தோண்டி எடுத்தார்களாம். உறவுக்காரர் வந்து பொறுப்பெடுத்தது ஏதோ முந்நூறு பேரைத்தான். மற்றவர்களை ஊருக்கு வெளியே மொத்தமாகப் புதைத்துவிட்டார்கள். கற்களை? பிறகு பாலம் கட்டும்போது கரை அரிக்காமல் இருக்க ஆற்றில் கொட்டிவிட்டார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் இப்போதும் தெரியுமாம். பேரோடும் வயதோடும் தெரியுமாம்.

சண்டை நடக்காத நாடு. குண்டு விழாத நகரம். ஒருவரும் துவக்கு நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. கூட்டம் வைத்து, கையெழுத்துப் போட்டு, லொறி பிடித்துக் கொட்டியிருக்கிறார்கள். இதை அங்கிளுக்குப் போனில் சொன்னேன். அவருக்கு என்னை ஆறுதல்படுத்த வேண்டும் போல. "ஏன் அமெரிக்காவுக்குப் போறாய், நீ சிட்டிக்குப் போனால் இறங்கிற சிட்னி சென்ரல் ஸ்டேசனும் சுடலையைக் கிளப்பிப்போட்டுக் கட்டினதுதான்" என்றார். நல்ல ஆறுதல். இனி நான் எப்படி அங்கே ரயில் ஏறுவது என்று சொல்லுங்கள்.

இப்போது உங்களிடம் வருகிறேன். பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸைப் பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறீர்கள். வெடித்த சுதந்திர மணியைப் பார்க்க வரும் சனத்துக்கு வழிகாட்டி சொல்கிற கதையெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். சனம் சாப்பாட்டுப் பொதியோடு இருக்கிற பூங்காவுக்குக் கீழே மஞ்சள் காய்ச்சலில் செத்தவர்கள் குழி குழியாகக் கிடப்பதைச் சொன்னது நீங்கள். தெற்கே பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுகிற இடத்துக்குக் கீழே ஐயாயிரம் கறுப்பு மக்களைப் புதைத்திருக்கிறார்கள், அதை எல்லோரும் மறந்தே போய்விட்டார்கள் என்று சொன்னதும் நீங்கள்தான். எல்லாக் கதையும் சொன்ன மனுசன் இந்த ஒன்றை மட்டும் ஏன் சொல்லவில்லை? தெரியாமல் அந்த இடத்துக்குப் போனீர்கள் என்றால் உங்களோடு சேர்ந்து நானும் அழுவேன். தெரிந்து போனீர்கள் என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மாடு தேடப் போன அந்தப் புல்வெளி உங்களுக்குத் தெரியும். அவர் உண்மையில் எதைத் தேடினார் என்பதும் தெரியும். அதற்குமேல் நான் எழுதமாட்டேன். அப்படித் தேடின மனுசியை, யாரோ பிடுங்கி எறிந்த கற்களுக்கு நடுவிலா கரைத்தீர்கள்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். செம்பில் பாதியை எனக்கென்று எடுத்து வைத்தீர்கள். விசா வந்ததும் நான் வந்து என் கையால் கரைப்பதாகப் பேச்சு. பிரிட்ஜிங் விசா என்கிற இடைக்கால விசாவில் இருக்கிறவள் இந்த நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது, பதின்மூன்று வருடமாக அதுதான் நிலை. இனியும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஆட்டைக்கு அதே இடத்தில் கரைத்துவிடுவோம் என்று போன மாதம் கேட்டீர்கள், நானும் ஓம் என்றேன். அந்த ஓமைத் திரும்ப எடுக்கிறேன். அங்கே கரைக்காதீர்கள். கடலுக்குக் கொண்டு போங்கள், எத்தனை மணித்தியாலம் ஓடினாலும் பரவாயில்லை. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

பதிலை எதிர்பார்த்திருக்கும் தங்கச்சி,
கௌசிகா


டூங்கபி,
31.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆறு பக்கம். வாழ்நாளில் எனக்கு நீங்கள் எழுதியது எல்லாம் சேர்த்தாலும் ஆறு பக்கம் வராது. உறையின் பாரத்தைப் பார்த்தே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. வேலைக்கு வெளிக்கிடும் நேரம் என்பதால் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன்.

ஹோம்புஷில் தோசைக்கடைக் குசினியில், மத்தியானச் சனம் குறைந்தபின், கல்லில் இரண்டு தோசையை ஊற்றிவிட்டுப் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். தோசை கருகிப் புகை எழும்பியும் எனக்குத் தெரியவில்லை. என்னோடு வேலை செய்கிற லக்ஷ்மிப்ரியா, மதுரைப் பிள்ளை, ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "என்னாச்சுக்கா, ஊர்ல யாருக்காவது ஏதாவதா?" என்று கேட்டாள். எங்கட அம்மா என்றேன். "அவங்க போன வருஷமே தவறிட்டாங்களேக்கா" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. எனக்குத்தான் அன்றைக்கு அம்மா இன்னொரு தரம் செத்தார்.

உங்களுக்குத் தெரியும் என்பதே பெரிய அதிர்ச்சி. அம்மாவுக்கும் தெரியும் என்றால் நான் என்ன சொல்ல?

ஆறு வருடம், அண்ணா. ஆறு வருடமாக மாதம் ஒரு ஞாயிறு, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து அம்மாவை அங்கே கூட்டிப் போயிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் எடுக்கும்போதெல்லாம் "அம்மா கோயிலுக்குப் போட்டா" என்று சொல்வீர்கள். மச்சாளும் அதையே சொல்வா. எந்தக் கோயில் என்று கேட்கத் தோன்றாமல் போயிற்று எனக்கு.

நீங்கள் எழுதியதைப் பத்துத் தரம் வாசித்துவிட்டேன். முதல் நாள் காற்று வாங்கத்தான் அம்மாவைப் பாலத்தடிக்குக் கூட்டிப் போனீர்கள். நீங்கள் கல்லுக்குக் கல் தாவித் தண்ணீர்ப் பக்கம் போக, அம்மா பின்னால் நின்று "எழுத்து வெட்டின கல்லில கால் வையாதையடா" என்று கத்தினார். இங்கிலீசில் ஓர் எழுத்துத் தெரியாத மனுசி, பார்த்ததும் அது என்ன கல் என்று கண்டுபிடித்துவிட்டார். பஸ்ஸில் வழிகாட்டியிடம் கேட்டு முழுக் கதையையும் நீங்கள் அவருக்குச் சொன்னபோது அம்மா அழவில்லை, திட்டவில்லை, அடுத்த முறை வரும்போது ஒரு வாளியும் தும்புப் பிரஷும் கொண்டு வருவோம் என்று மட்டும் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்ப எனக்குக் கஷ்டமே இல்லை. அம்மா அப்படித்தான்.

அவர் தேய்த்துக் கழுவி எடுத்த கல்லில் பேர் இருந்த பக்கம் உடைந்து போயிருந்தது. மிஞ்சியது மகன் என்ற சொல்லும் வயதும்தான். பத்தொன்பது வருடம், நாலு மாதம். அம்மாவுக்கு இலக்கம் வாசிக்கத் தெரியும். விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்கும் பேரில்லை" என்று சொன்னாராம். அந்தக் கார்த்திகையில் அந்தக் கல்லில் விளக்கு வைத்தார். பிறகு ஒவ்வொரு கார்த்திகையும் வைத்தார். தன்னையும் அங்கேயே கரைக்கச் சொன்னதும் அவர்தான், என்னிடம் சொல்ல வேண்டாம் என்றதும் அவர்தான். "அவள் பயந்தவள், அவளைக் குழப்பாதை" என்றாராம்.

இவனுக்கும் என்றாரே, அந்த 'உம்' எனக்கு. நீங்கள் என்னைக் குறை சொல்லி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

நாங்கள் இதுவரை வாய் திறந்து கதைக்காததை இப்போது எழுதுகிறேன். எங்கள் தம்பியை இயக்கம் கொண்டுபோனது பதினெட்டு வயதில். பெட்டியில் வந்தது பத்தொன்பதில். செத்த போராளிகளைப் புதைக்கும் துயிலும் இல்லத்தில் அவனுக்கென்று ஒரு கல் இருப்பதையும், கார்த்திகையில் அதற்கு விளக்கு வைப்பதையும் மட்டும் பிடித்துக்கொண்டு அம்மா நடமாடினார். வாசலில் இருந்து எட்டாவது வரிசை, பதினோராவது கல். சண்டை முடிந்து முகாமிலிருந்து விட்டபின் போய்ப் பார்த்தால் வாசலும் இல்லை, வரிசையும் இல்லை. புல்டோசர் போட்டுத் தள்ளிய தரையில் புல் முளைத்துக் கிடந்தது. காவலுக்கு நின்ற ஆமிக்காரன் கேட்டபோது மாடு தேடி வந்தோம் என்று நான்தான் சொன்னேன். இல்லாத வாசலில் இருந்து அம்மா காலால் அளந்து அளந்து நடந்தார். ஓர் இடத்தில் நின்று, மாட்டைக் கூப்பிடுகிற சாட்டில், அவன் பேரைக் கூப்பிட்டார். நான் அவரை இழுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்தது, படகில் வந்த எங்களை அடைத்து விசாரித்த கிறிஸ்மஸ் தீவு. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர், மடியில் இரண்டு வயது வினுஷா காய்ச்சலோடு. இயக்கத் தொடர்பு என்று தெரிந்தால் வருடக்கணக்கில் உள்ளே வைத்திருப்பார்கள் என்று அங்கே எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். ஒரு அண்ணா என்றேன். வேறு ஒருவரும் இல்லையா என்று திரும்பக் கேட்டாள். இல்லை என்றேன். அந்த இல்லையைச் சொல்ல எனக்கு ஒரு செக்கன்கூட எடுக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

பிறகு அம்மாவுக்குப் போன் எடுத்து, யார் கேட்டாலும் எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொல்லுங்கோ என்றேன். ஓம் என்றார். நீங்கள் அவரை அமெரிக்காவுக்குக் கூப்பிட்ட பத்திரத்திலும் இரண்டு பிள்ளைகள் என்றே போட்டார், என் கதையும் அவர் கதையும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக. செத்தவீட்டு நோட்டீஸிலும் உங்கள் பேரும் என் பேரும்தான். அதுவும் நான் சொல்லித்தான். அந்த ஊர் இருபத்தெட்டாயிரம் பேரின் கல்லைத் தூக்கி ஆற்றில் போட்டது என்று ஹோம்புஷ் முழுக்கச் சொல்லித் திரிந்தேனே, ஒருவருடைய பேரை நான் எடுத்து எறிந்ததை யாரிடம் சொல்வது? அதுவும் பெற்றவளின் கையாலேயே எறிய வைத்திருக்கிறேன்.

கடலுக்குக் கொண்டு போங்கள் என்று எழுதியிருந்தேன். இப்போது எதுவும் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்லும்வரை மிச்சச் சாம்பலை ஓரிடத்துக்கும் கொண்டு போக வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். பார்த்தீர்களா, இன்னும் பயம் போகவில்லை.

கௌசிகா


டூங்கபி,
14.09.2025

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

கௌசிகா எழுதுவது. எல்லோரும் சுகம். குளிர் விட்டுவிட்டது, வேலியோரத்துக் கறிவேப்பிலை துளிர்க்கிறது. இவர் மட்டும் என்னோடு மூன்று நாளாகக் கதைக்கவில்லை. காரணம் கீழே வரும்.

முந்தைய ஞாயிறு கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன். பேர், நட்சத்திரம் என்று ஐயர் கேட்டார். இத்தனை வருடமாக உங்கள் பேர், இவர் பேர், வினுஷா பேர் என்று கடகடவென்று சொல்கிற எனக்கு வாய் வரவில்லை. பின்னால் நின்ற மனுசி முதுகில் தட்டினா. தம்பியின் பேரைச் சொல்லிவிட்டேன். ஐயர் அதை மந்திரத்தோடு சேர்த்துச் சத்தமாகச் சொன்னபோது சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இறந்தவர் பேரில் அர்ச்சனை செய்யலாமோ என்றுகூட யோசிக்கவில்லை, செய்துவிட்டேன். பிழை என்றால் முருகன் பொறுக்கட்டும்.

கார் நிறுத்துமிடத்திலேயே வினுஷாவுக்குச் சொன்னேன். உனக்கு இன்னொரு மாமா இருந்தவர் என்று. "வை டின்ட் யூ டெல் மீ, அம்மா?" என்றாள். பயம் என்றேன். யாருக்குப் பயம் என்று கேட்கவில்லை, பதினைந்து வயதிலேயே அவளுக்கு விளங்குகிறது. ஆள் எப்படி என்று கேட்டாள். பொல்லாத குழப்படிக்காரன், நாய்க்குட்டிக்குச் சட்டை போட்டு ரியூசனுக்குக் கொண்டுபோனவன் என்று சொன்னேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். அவனை நினைத்துச் சிரித்தது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று எனக்கே தெரியாது.

அதன் பிறகு சச்சிதானந்தன் அங்கிளிடம் போனேன். மலரில் பிள்ளைகள் என்ற இடத்தில் ஒரு பேர் கூட்ட வேண்டும் என்றேன். கேள்வி கேட்பார், என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். அவர் பக்கத்தைத் திரையில் எடுத்துக் காட்டினார். உங்கள் பேருக்கும் என் பேருக்கும் கீழே ஒரு வரி வெறுமையாக இருந்தது. "முதலே விட்டுத்தான் வைச்சனான் பிள்ளை. செத்தவீட்டு மலருக்குக் கன பேர் கடைசி நேரத்திலதான் வந்து சொல்லுறவை" என்றார். நான் மட்டும்தான் இப்படி என்று பதின்மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன், அண்ணா. அவருடைய கராஜில் எத்தனை குடும்பம் வந்து இப்படி நின்றிருக்கும்.

இவருக்குக் கோபம் இதில்தான். அடித்த கடதாசி யார் கையிலும் போகும், விசா வரட்டும், அதுவரை பொறு என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவரையும் வினுஷாவையும் சேர்த்துத்தான் நான் ஆபத்தில் விடுகிறேன். லோயர் அடுத்த மாதம் புதிதாக ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும் என்றிருக்கிறார். அதிலும் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி இருக்கும். முன்னுக்குச் சொன்னதை மாற்றினால் பொய்க்காரி என்பார்கள், மாற்றாவிட்டால் நான் பொய்க்காரிதான். முதலில் லோயரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். அதுக்குப் பிறகு என்ன வரும் என்று தெரியாது. பயம் குறைந்தது என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். மலர் மட்டும் போன வெள்ளி அடித்தாயிற்று. தபாலில் இருபது பிரதி உங்களுக்கு வருகிறது.

மிச்சச் சாம்பலைக் கடலுக்குக் கொண்டு போக வேண்டாம். அம்மா சொன்ன இடத்திலேயே, அந்தக் கல்லடியிலேயே கரைத்துவிடுங்கள். எனக்கென்று ஒரு சிட்டிகைகூட எடுத்து வைக்க வேண்டாம். முதலில் அந்தக் கல்லைக் கழுவுங்கள், பக்கத்தில் இருக்கிற மற்றக் கற்களிலும் கை எட்டுகிறவற்றைக் கழுவுங்கள். வாசிக்க முடிகிற பேர்களை எழுதி அனுப்புங்கள். அம்மா யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். தேங்காயைக் கல்லில் உடைக்க வேண்டாம், வீட்டில் உடைத்துக்கொண்டு போங்கள்.

ஒரே ஒரு வேண்டுதல். இதுவரை உங்களிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன், முக்கால்வாசி வாயை மூடுங்கள் என்பதுதான். இந்த முறை வேறு. அன்றைக்கு நீங்கள் தண்ணீரில் இறங்கியதும் எனக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அந்தக் கல்லின் மேல் வையுங்கள். ஐயர் மந்திரம் சொல்லி முடிக்கட்டும். நீங்களும் மச்சாளும் ஒன்றும் பேசாமல் நில்லுங்கள். அம்மா அந்தப் புல்வெளியில் தம்பியின் பேரைக் கூப்பிட்டபோது நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். மிச்சத்தை நான் கூப்பிட வேண்டும். அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி, இங்கே இருந்து, எவ்வளவு சத்தமாகக் கூப்பிட முடியுமோ அவ்வளவு சத்தமாக.

உங்கள் தங்கச்சி,
சுபாங்கனின் அக்கா,
கௌசிகா